‘தானாக’ முளைத்த கிழங்கு

சென்ற தவணையின் இறுதியில் மாணவன் ஒருவனது கட்டுரைக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘ஆதி மனிதர் வாழ்க்கை’ என்பது தலைப்பு. “உழவுத் தொழில் அறியாத மக்கள் தானாக முளைத்த கிழங்குகளைத் தோண்டி உண்டு காலங் கழித்தனர்” என்று அவன் எழுதியிருந்தான். ஒருமை பன்மை மயக்கம் இருந்தமையால் ‘தானாக’ என்பதைத் ‘தாமாக’ எனச் சிவப்பு மையினால் திருத்தினேன்.

திருத்திய பின்னரும் அவ்வாக்கியம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இலக்கணம் சரியாயிற்று, கருத்துச் சரியாயிற்றா? கிழங்கு தானாக முளைத்தது என்பதை மாணவன் தன் கற்பனையிலிருந்து எழுதவில்லை. பாடநூல் அவனுக்கு அவ்வாறு சொல்லிற்று. ஒருகாலத்தில் எனக்கும் சொல்லிற்று. அந்நூலை ஆக்கியோர்க்கு அதனைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? இச்சிறு சொல்லை ஆதாரமாகக் கொண்டு நாடுகள் பறிக்கப்பட்டன, போர்கள் மூண்டன, மக்கட் கூட்டங்கள் நாடு கடத்தப்பட்டன என்று கூறினால் வாசகர் வியப்புறக்கூடும். ஆயினும் அது மிகையன்று. வட அமெரிக்காவின் வடமேற்கிலே வளரும் ஒரு நீலப் பூண்டின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

அப்பூண்டின் பெயர் கமாஸ். தாவரவியலார் அதனைக் ‘கமாசியா குவாமாஷ்’ என்பர். றொக்கி மலைத்தொடருக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடைப்பட்ட நாட்டிலே, சமவெளிகளிலும் மலையிடைப் புல்வெளிகளிலும் அது வளர்கின்றது. அப்புல்வெளிகள் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் சதுப்புகள் அல்ல. மாரிப் பனி உருகும் வசந்த காலத்திலே அவை சேறும் நீருமாகக் கிடக்கும். கோடை வந்ததும் வெடித்து உலர்ந்துவிடும். இவ்விரு நிலைக்கும் ஏற்பத் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட பூண்டு இது. ஈரம் உள்ளபோது புல்போன்ற இலைகளையும் முழங்கால் உயரத் தண்டினையும் விட்டு, ஆறு இதழ் கொண்ட நீலப் பூக்களைப் பூக்கும். வித்து முற்றியதும் மேற்பகுதி வாடி மறைய, மண்ணின் கீழே வெங்காயம் போன்ற குமிழம் அடுத்த வசந்தம்வரை உறங்கும். பல்லாண்டுக்காலம் இவ்வாறே ஒரே குமிழம் வாழ்தல் கூடும்.

இக்குமிழமே அந்நாட்டு முதற்குடிகளின் பிரதான உணவுகளில் ஒன்றாய் விளங்கியது. ஆற்றிலே சமன் மீனும், காட்டிலே மானும், நிலத்திலே கமாசும் அவர்களுக்கு வாழ்வளித்தன. ஆனால் தோண்டியவுடன் வாயிலிட்டு உண்ணத்தக்க பொருளன்று அது. அதிலே மாப்பொருளுக்குப் பதிலாக இனுலின் என்னும் பொருள் செறிந்துள்ளது. மனிதர் குடல் அதனைச் செரிக்க வல்லதன்று. நீண்ட நேரம் வெம்மையிலும் ஈரத்திலும் வைத்தால் மட்டுமே இனுலின் சிதைந்து பழவெல்லமாக மாறும். ஆகவே மக்கள் நிலத்திலே குழி தோண்டினர். அதிலே கற்களை அடுக்கித் தீமூட்டிப் பழுக்கக் காய்ச்சினர். ஈரப்புல்லும் இலையும் பரப்பிக் குமிழங்களை இட்டு, மீண்டும் இலையால் மூடி, மண்ணிட்டு, அதன்மேல் நெருப்பு வளர்த்தனர். ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை அவை வெந்தன. வெளியே எடுக்கும்போது கறுத்து, மென்மையாகி, இனிப்புற்றிருந்தன. அவற்றை இடித்து அடையாகத் தட்டி உலர்த்தினால் மாரிகாலம் முழுவதற்கும் போதுமான உணவாயிற்று. அயற் குலத்தாரோடு பண்டமாற்றுச் செய்யும் பொருளுமாயிற்று. இத்தகைய குழியடுப்புகளின் எச்சங்கள் பல ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையனவாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. உணவின் இரசாயனத்தை நூலிற் கல்லாத மக்கள் அதனைத் தம் அடுப்பிலே கற்றிருந்தனர்.

இவ்வேலை முழுவதும் பெரும்பாலும் பெண்களின் கையிலே இருந்தது. வன்மரத்தாலாகிய, நுனி தீயில் வாட்டப்பட்ட தோண்டுகோலும், அதற்கு மான்கொம்பினாலாகிய பிடியும் அவர்களுடைய கருவிகள். தாய் மகளுக்குக் கற்பித்த அறிவு கருவியைக் காட்டிலும் பெரிது. கமாஸ் வளரும் இடத்திலேயே அதன் குமிழத்தை ஒத்த குமிழமுடைய மற்றொரு பூண்டும் வளர்கின்றது. அஃது உயிர் குடிக்கும் நஞ்சு. பூக்குங் காலத்திலே ஒன்றன் பூ நீலம், மற்றதன் பூ வெண்மை கலந்த மஞ்சள். பூ வாடியபின் வேறுபாடு காண்பது அரிது. எனவே பூத்திருக்கும்போதே நஞ்சுப் பூண்டைக் கண்டு களைதல் வேண்டும். வித்து முற்றிய பின்னரே கமாசைத் தோண்டினர். பெரிய குமிழங்களை எடுத்துக்கொண்டு சிறியவற்றை மண்ணிலே விட்டனர். தோண்டுதலே மண்ணைக் கிளறி இளக்கிற்று. உதிர்ந்த வித்துகள் அவ்விளகிய மண்ணிலே முளைத்தன. பல இடங்களில், அறுவடை முடிந்தபின் புல்வெளிக்குத் தீயிட்டுப் புதரும் மரமும் அதனை மூடாவண்ணம் காத்தனர்.

களையெடுத்தல், மண்ணைக் கிளறுதல், வித்துப் பரப்புதல், பருவம் அறிந்து அறுத்தல், அடுத்த ஆண்டுக்கென விட்டுவைத்தல், நிலத்தைப் புதுப்பித்தல்: இவற்றையெல்லாம் நம் ஊர் விவசாயி செய்தால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்? இங்கே இல்லாதது ஒன்றே, அது கலப்பை. கலப்பை இல்லாமையால் வேளாண்மை இல்லை என்றனர்; வேளாண்மை இல்லாமையால் கமாஸ் ‘காட்டுப்பூண்டு’ என்றனர்; காட்டுப்பூண்டு வளரும் நிலம் எவர்க்கும் உரிமையற்ற வெற்று நிலம் என்றனர். இம்மூன்று படிகளும் எத்துணை எளிதாகக் கடக்கப்பட்டன என்பதை இனிக் காண்போம்.

1805-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்க சனாதிபதி ஜெபர்சன் அனுப்பிய ஆய்வுக் குழுவொன்று, மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகியோரின் தலைமையில், பிற்றர்றூட் மலைகளை லோலோ வழியாகக் கடந்து கொண்டிருந்தது. பனியும் பசியும் அவர்களை வாட்டின. உணவு தீர்ந்தமையால் தாம் கொண்டுவந்த குதிரைக் குட்டிகளைக் கொன்று தின்றனர். முன்னே சென்ற கிளார்க், செப்டெம்பர் 20-ஆந் திகதி இன்றைய ஐடஹோ மாநிலத்திலுள்ள வீயைப் புல்வெளியிலே இறங்கினார். அங்கே அவர் முதலிற் கண்டது மூன்று சிறுவர்களை. அஞ்சிப் புல்லினுள் ஒளிந்த அவர்களுக்கு நாடாத் துண்டுகளைக் கொடுத்து அழைத்தார். அவர்கள் நீமீபூ மக்கள். பிரெஞ்சு வணிகர் இட்ட ‘நெஸ்பேர்ஸ்’ என்னும் பெயராலேயே உலகம் அவர்களை அறியும். ஊரில் ஆடவர் பலர் போருக்குச் சென்றிருந்தனர். பெண்கள் கமாஸ் குவித்துக்கொண்டிருந்தனர். வந்தவர்களுக்கு உலர்ந்த மீனும், பழமும், கமாஸ் அடையும் கொடுத்தனர். பழக்கமில்லாத உணவைப் பசியோடு அளவின்றி உண்ட குழுவினர் வயிற்று நோயால் பல நாள் துன்புற்றனர். அந்நிலையில் அவர்களைக் கொன்று பொருளைக் கவர்வது மிக எளிது. ‘இவர்களுக்குத் தீங்கு செய்யாதீர்’ என்று வற்குவெயிஸ் என்னும் முதியவள் தடுத்தாள் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. அவள் முன்னொரு காலத்திலே பகைவரிடம் சிறைப்பட்டு, வெள்ளையரின் அன்பினால் உயிர் தப்பியவள் என்பர்.

மறு ஆண்டு யூன் மாதம் குழு திரும்பி வந்தபோது கமாஸ் பூத்திருந்தது. தூரத்தே நின்று நோக்கியபோது அது தெளிந்த நீர் நிறைந்த ஏரியெனத் தம் கண்ணை மயக்கிற்று என்று லூயிஸ் நாட்குறிப்பில் எழுதினார். பூண்டின் இலை, பூ, குமிழம், சமைக்கும் முறை யாவற்றையும் விரிவாக வருணித்தார். அங்கே பறித்து உலர்த்திய மாதிரி கிழக்கே கொண்டு செல்லப்பட்டது. 1814-இல் வெளிவந்த தம் நூலிலே பிரெடெரிக் பேர்ஷ் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். இவ்வாறு பூண்டு விஞ்ஞான உலகிலே பதிவு பெற்றது. அதனை அப்புல்வெளியில் ஏரிபோல் தோன்றுமளவு பேணிய பெண்கள் அப்பதிவிலே இடம்பெறவில்லை. அழகு இயற்கையின் கணக்கிலே எழுதப்பட்டுவிட்டது.

இப்பார்வை லூயிஸ் ஒருவர்க்கே உரியதன்று. வடக்கே வன்கூவர் தீவிலே, கரையோரச் சலிஷ் மக்களிடையே கமாஸ் நிலங்கள் குடும்பம் குடும்பமாக எல்லை வகுக்கப்பட்டிருந்தன. கல்லும் புதரும் அகற்றப்பட்டு, காலந்தோறும் எரியூட்டப்பட்டுப் பேணப்பட்டன. ஹட்சன் குடா கம்பனியின் ஜேம்ஸ் டக்ளஸ் கோட்டை கட்ட இடம் தேடி அங்கு சென்றபோது, அவ்வெளிகளின் எழிலைக் கண்டு அவ்விடத்தை ஏதேன் தோட்டத்துக்கு ஒப்பிட்டார். தோட்டம் என்று கண்டவர் தோட்டக்காரரைக் காணவில்லை. 1843-இல் விக்ரோறியாக் கோட்டை எழுந்தது. கமாஸ் வெளிகளில் கம்பனியின் கால்நடைகள் மேய்ந்தன.

நீமீபூ மக்களின் கதைக்குத் திரும்புவோம். 1836-இல் லப்வாய் என்னுமிடத்திலே ஹென்றி ஸ்போல்டிங் என்னும் மதகுரு மிஷன் நிறுவினார். மக்களை நல்வழிப்படுத்த வேண்டுமாயின் அவர்கள் ஓரிடத்திலே தங்கி உழுது பயிரிட வேண்டும் என்பது அவர் கொள்கை. உழவு கற்பது தீதன்று. ஆனால் பருவந்தோறும் கமாஸ் வெளிக்குச் சென்று உழைக்கும் பெண்களின் வேலை ‘அலைதல்’ எனவும், ஓரிடத்தில் ஏர்பிடிப்பது மட்டுமே ‘உழைத்தல்’ எனவும் பிரிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. கிழங்கு தோண்டும் மக்களை ‘டிகர்’, அதாவது கிண்டித் தின்போர், என்று இகழும் வழக்கும் குடியேறிகளிடையே பரவலாயிற்று.

1855-இல் வாசிங்ரன் பிரதேசத்தின் தேசாதிபதி ஐசக் ஸ்ரீவன்ஸ் வல்லவல்லாவில் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டார். அதன்படி ஏறத்தாழ 75 இலட்சம் ஏக்கர் நிலம் நீமீபூ மக்களுக்கு நிலைத்தது. அதற்கு வெளியே உரிமை கோரப்படாத திறந்த நிலங்களில் வேட்டையாடவும், கிழங்கும் பழமும் சேர்க்கவும், குதிரை மேய்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் எழுதப்பட்டது. சொல் அழகியது, ஆனால் ‘உரிமை கோரப்படாத’ என்ற நிபந்தனை அதனுள்ளே கத்தியாக இருந்தது. கமாஸ் வெளியில் குடியேறியொருவன் நான்கு மூலைக்கு முளையடித்த மறுகணமே அது உரிமை கோரப்பட்ட நிலமாகிவிடும். ஆயிரமாண்டுகள் அங்கே தோண்டியவளின் கோல் எந்த முளைக்கும் சமமாகக் கணிக்கப்படவில்லை.

1860-இல் அந்நிலத்தினுள் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கக்காரர் ஆயிரக்கணக்கிற் புகுந்தனர். அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக உடன்படிக்கையைத் திருத்துவதே அரசுக்கு எளிதாயிற்று. 1863-இல் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கை ஒதுக்கு நிலத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிற்று. தம் நிலம் உள்ளே அடங்கிய தலைவர்கள் கைச்சாத்திட்டனர். வெளியே அகப்பட்டவர்கள் மறுத்தனர். அம்மக்கள் அதனைத் ‘திருட்டு உடன்படிக்கை’ என்றே வழங்குகின்றனர். மறுத்தவர்களில் ஒருவர் வல்லோவாப் பள்ளத்தாக்கின் தலைவரான முதிய யோசேப்பு. 1871-இல் அவர் இறந்தபோது பொறுப்பு அவர் மகன் இளைய யோசேப்பிடம் வந்தது.

1877 மே மாதம் லப்வாயிலே கூடிய கூட்டத்திலே படைத்தலைவர் ஹவாட் இறுதிக் கட்டளை பிறப்பித்தார்: 30 நாளுக்குள் அனைவரும் ஒதுக்கு நிலத்தினுள் புகவேண்டும். நிலம் தாய், அதனைக் கூறுபோட மனிதர்க்கு உரிமையில்லை என்று வாதித்த முதியவர் தூஹுல்ஹுல்சோட் சிறையிலிடப்பட்டார். வெள்ளம் பெருகிய பாம்பாற்றைக் குழந்தைகளோடும் மந்தைகளோடும் கடந்து, பெருந்தொகையான கால்நடையை இழந்து, யூன் மாத முதல் வாரத்திலே மக்கள் ஐடஹோவின் வடபகுதியிலுள்ள கமாஸ் சமவெளியில் ஓர் ஏரிக்கரையிலே தங்கினர். ஒதுக்கு நிலம் அருகில். தவணை முடியச் சில நாட்களே இருந்தன. அந்நாட்களில் என்ன செய்தனர்? ஆண்டுதோறும் செய்தவாறே பெண்கள் கமாஸ் தோண்டினர். சுதந்திர மக்களாக அவர்கள் செய்த கடைசி அறுவடை அது.

அங்கிருந்த இளைஞன் ஒருவனின் தந்தையை முன்னர் குடியேறியொருவன் கொன்றிருந்தான்; கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அவனும் தோழர் இருவரும் புறப்பட்டுச் சென்று குடியேறிகள் சிலரைக் கொன்றனர். அதன்பின் போரைத் தடுக்க எவராலும் இயலவில்லை. யூன் 17-ஆந் திகதி வைற் பேட் பள்ளத்தாக்கிலே படையினர் 34 பேர் மாண்டனர். யூலை நடுப்பகுதியிலே, ஹவாட்டின் படை பின்தொடர, மக்கள் வீயைப் புல்வெளிக்கு வந்து கூடி ஆலோசித்தனர். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பசியால் வாடிய கிளார்க்குக்கு அவர்களுடைய பாட்டியர் கமாஸ் அடை கொடுத்த அதே வெளி. கிளார்க் இறங்கி வந்த அதே லோலோ வழியால் இப்போது அவர்கள் தம் நாட்டை விட்டு ஏறிச் சென்றனர்.

ஏறத்தாழ 750 பேர். அவர்களிற் பெரும்பகுதியினர் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும். மொன்ரானாவிலே பிக் ஹோல் என்னும் வெளியிலே, பகை பின்தங்கிவிட்டதென எண்ணிக் கூடாரம் அடித்தனர். பெண்கள் அங்கும் கமாஸ் தோண்டினர். ஓகஸ்ட் 9-ஆந் திகதி விடியுமுன் படையினர் தூங்கும் கூடாரங்களின்மேற் சுட்டனர். பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். எஞ்சியோர் மேலும் ஓடினர். 1,100 மைலுக்கு மேற்பட்ட அவ்வோட்டம், கனடா எல்லைக்கு ஏறத்தாழ 40 மைல் இருக்கையில், ஒக்ரோபர் 5-ஆந் திகதி யோசேப்பின் சரணடைதலோடு முடிந்தது. தாயகத்துக்கு அனுப்புவதாகக் களத்திலே கூறப்பட்ட உறுதிமொழி காற்றிலே போயிற்று. 400-க்கு மேற்பட்டோர் கன்சாஸ் மாநிலத்துக்கும், அங்கிருந்து இன்றைய ஒக்லஹோமாவுக்கும் அனுப்பப்பட்டனர். வெப்பமும் நோயும் பலரைக் கொன்றன. 1885-இல் எஞ்சியோர் வடமேற்குக்குத் திரும்பியபோதும் யோசேப்பு வல்லோவாவிலே வாழ அனுமதிக்கப்படவில்லை. 1904-இல் கொல்வில் ஒதுக்கு நிலத்திலேயே இறந்தார்.

நீமீபூ மக்கள் கன்சாசுக்கு அனுப்பப்பட்ட அக்காலத்திலேயே, ஐடஹோவின் தென்பகுதியில் வாழ்ந்த பனொக் மக்களுக்கும் ‘கன்சாஸ்’ என்னும் பெயரால் ஓர் இடர் விளைந்தது. தென்பகுதியிலும் கமாஸ் சமவெளி என்றே பெயர் பெற்ற பரந்த புல்வெளியொன்று உண்டு. 1868 யூலை 3-ஆந் திகதி பிரிட்ஜர் கோட்டையிலே செய்யப்பட்ட உடன்படிக்கையில், பனொக் மக்களுக்கு ஒதுக்கப்படும் நிலத்தில் போட்னூவ் பகுதியிலும் ‘கன்சாஸ் சமவெளி’யிலும் தக்க பங்கு அடங்கும் என்று எழுதப்பட்டது. கன்சாஸ் அங்கிருந்து பல நூறு மைலுக்கு அப்பாலுள்ளது. பனொக் மக்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்புமில்லை. அவர்கள் கேட்டது கமாஸ் சமவெளி. இலிகிதரின் பேனா அதனைக் கன்சாஸ் ஆக்கிவிட்டது என்பதே வரலாற்றாசிரியர் பொதுவாகக் கொள்ளும் விளக்கம். பிழை எவர்க்கும் நேரக்கூடும். ஆனால் அப்பிழை திருத்தப்படவில்லை. கமாஸ் சமவெளி பொது நிலமாகக் கருதப்பட்டுக் குடியேறிகளுக்குத் திறந்து விடப்பட்டது.

குடியேறிகள் மாடுகளையும் குதிரைகளையும் பன்றிகளையும் கொண்டுவந்தனர். மாடு இலையைத் தின்னும். பன்றியோ மண்ணைக் கிண்டிக் குமிழத்தையே தின்னும். பெண் தோண்டும்போது சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பாள். பன்றிக்கு அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. ஒதுக்கு நிலத்திலே அரசு வழங்கிய உணவுப் பங்கீடும் போதாதிருந்தது. 1878 மே மாத இறுதியிலே கமாஸ் சமவெளியில் துப்பாக்கி வெடித்தது. பனொக் போர் மூண்டது. போரைத் தலைமை தாங்கிய ‘எருமைக்கொம்பு’ என்னும் தலைவர், முந்திய ஆண்டு நீமீபூ மக்களுக்கு எதிராக ஹவாட்டின் படையில் ஒற்றராகப் பணிபுரிந்தவர். அரசுக்குச் செய்த சேவை அவர் மக்களின் கிழங்கு நிலத்தைக் காக்கவில்லை. யூன் மாதத்திலே அவர் களத்தில் வீழ்ந்தார். கோடை முடிவதற்குள் போரும் அடங்கிற்று. செவ்விந்தியப் போர்களில் அனுபவம் மிக்க படைத்தலைவர் ஜோர்ஜ் குறூக்கே, பசியும் பன்றிகள் கமாசை அழித்தமையுமே அம்மக்களைப் போருக்குத் தள்ளின என்னும் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

இவற்றைப் படிப்போர் தனி மனிதரின் கொடுமையையும் இலிகிதரின் கவனக்குறைவையும் குறைகூறி அமைதல் கூடாது. எழுத்துப்பிழை நிலத்தைப் பறிக்கும் வலிமை பெறவேண்டுமாயின் அதன் பின்னே ஒரு கொள்கை நிற்றல் வேண்டும். அக்கொள்கை பழையது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், மனிதன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலப்பதனாலேயே அது அவன் சொத்தாகின்றது என்று கூறினார். உழைப்பை உரிமையின் ஊற்றாகக் காட்டியமை முற்போக்கான எண்ணமே. ஆயினும் அவர் அமெரிக்க முதற்குடிகளை நோக்கியபோது, அவர்கள் வேட்டையாடிய மான் அவர்களுடையது, பொறுக்கிய கனி அவர்களுடையது, ஆனால் உழப்படாத நிலம் பாழ்நிலமே என்ற முடிவுக்கு வந்தார். கமாஸ் வெளியின் பெண்கள் லொக்கின் இலக்கணப்படியே உழைப்பைக் கலந்தவர்கள். ஆனால் அவ்வுழைப்பை உழைப்பென்று காணும் கண் அவ்விலக்கணத்துக்கு இல்லை.

இக்கொள்கை நமக்கு அந்நியமானதன்று. வல்லவல்லா உடன்படிக்கைக்கு 15 ஆண்டுகளுக்கு முன், 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் பாழாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என இலங்கையில் விதித்தது. சேனைப் பயிர்ச் செய்கையில் ஓராண்டு விளைந்து பல ஆண்டு ஓய்ந்து கிடக்கும் நிலமும் அக்கண்ணுக்குப் பாழாகவே தோன்றிற்று. அவ்வாறு முடியிடம் சேர்ந்த நிலங்களிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றிலே உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஒருவரின் உழைப்பைக் காணாது நிலத்தைப் பெற்ற அதே கை, வேறொருவரின் உழைப்பைக் கொண்டு அதிலே செல்வம் பெருக்கிற்று.

போருக்குப் பின் நேர்ந்தவை ஆரவாரமற்றவை. ஆனால் அழிவு அவற்றினாலேயே நிறைவெய்திற்று. 1887-ஆம் ஆண்டின் டோஸ் சட்டம், குலத்துக்குப் பொதுவாயிருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துப் பங்கிட்டது. பங்கிட்டு ‘எஞ்சிய’ நிலம் வெள்ளையருக்குத் திறந்து விடப்பட்டது. நீமீபூ ஒதுக்கு நிலத்திலே அது 1895-இல் நடைபெற்றது. புல்வெளிகளில் வாய்க்கால் வெட்டி வசந்தத்தின் நீரை வடித்தனர். நீர் வடிந்தால் கமாஸ் இல்லை, கோதுமை உண்டு. இன்று வடக்கேயுள்ள கமாஸ் சமவெளி பெயர் பெற்ற தானிய பூமி. தெற்கே 1917-இல் ஒரு மாவட்டத்துக்கே கமாஸ் என்று பெயரிட்டனர். பூண்டை அகற்றியபின் அதன் பெயரை நிலப்படத்திலே நட்டுவைப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை.

எனினும் இக்கதை அழிவோடு முடியவில்லை. வீயைப் புல்வெளியின் ஒரு பகுதி இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவிலே சேர்ந்துள்ளது. யூன் மாதம் நெருங்கும்போது அங்கே மீண்டும் நீலம் விரிகின்றது. நீமீபூ குடும்பங்கள் இன்றும் கமாஸ் தோண்டுகின்றன. இரும்பாலாகிய தோண்டுகோல் மரக்கோலின் இடத்தைப் பெற்றிருக்கின்றது, முறை மாறவில்லை. யோசேப்பு திரும்ப அனுமதிக்கப்படாத வல்லோவாவிலே 148 ஏக்கர் நிலத்தை அக்குலத்தார் விலைகொடுத்து வாங்கி, 2021-இல் குதிரைகளிற் பவனியாக வந்து அதிலே கால் வைத்தனர். தம்முடையதைத் தாமே விலைக்கு வாங்க நேர்ந்தமை துயரமே. ஆயினும் பத்திரத்தில் இம்முறை இடம் பிழையாக எழுதப்படவில்லை. கமாசை ஆராயும் விஞ்ஞானிகளும், தோண்டாது விட்ட நிலத்தினும் முறையறிந்து தோண்டப்பட்ட நிலம் அப்பூண்டுக்கு உகந்தது என்ற பெண்களின் பழைய அறிவை இன்று செவிமடுக்கின்றனர். வேலியிட்டு மனிதரை விலக்கினால் இயற்கை தானே செழிக்கும் என்ற எண்ணமும் ‘தானாக’ என்ற சொல்லின் மற்றொரு பிள்ளையே ஆகும்.

வரலாறு கற்பிப்போரும் இலக்கியம் கற்பிப்போரும் இச்சொல்லைக் குறித்து விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘தானாக’ என்று நாம் எழுதும் இடங்களில் எல்லாம் யாரோ ஒருவரின் உழைப்பு மறைந்திருக்கலாம். அவர் பெரும்பாலும் பெண்ணாயிருப்பார், எழுத்தறியாதவராயிருப்பார், பத்திரத்திலே கையெழுத்திடாதவராயிருப்பார். அவரைக் காணாது விடுவது மொழியின் குறையன்று, அறிவின் குறை. அக்குறையைச் சட்டம் கைக்கொள்ளும்போது அது அநீதியாக மாறுகின்றது.

மாணவனின் கொப்பியை மீண்டும் எடுத்தேன். ‘தாமாக’ என்ற என் திருத்தத்தை வெட்டிவிட்டு, ஓரத்திலே ‘பேணியவர் யார்?’ என்று எழுதினேன். கொப்பியைப் பெற்றுக்கொண்டவன் பொருள் விளங்காது, “சேர், இதிலை என்ன பிழை?” என்று கேட்டான். அன்று அந்தப் பாடவேளை முழுவதும் அவனுக்கும் வகுப்புக்கும் கூறிய மறுமொழியையே இங்கு எழுதியிருக்கிறேன்.